ரிஷாரும் ரிச்சர்டும்: ஒரு முன்கள வீரரின் ஆட்டவாழ்வும் ஒரு மொழிச் சமூகத்தின் நினைவும்

கனடாவின் கியூபெக் மாகாண வரலாற்றை எழுதுவோர் 1955 மார்ச் 17ஆம் நாளைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது அரிது. அன்றிரவு மான்ட்ரியால் நகரின் ஃபோரம் அரங்கில் தொடங்கிய கலவரம் நகரின் முதன்மை வணிகத் தெருவான செயின்ட் கேத்தரின் தெருவரை பரவியது. ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தடையே அதற்கு உடனடிக் காரணம். ‘அமைதிப் புரட்சி’ என்று அழைக்கப்படும் 1960களின் பெருமாற்றத்திற்கு இக்கலவரமே முன்னோடி என்ற கூற்று இன்று ஏறத்தாழ ஒரு பொதுவழக்காகிவிட்டது. அக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? அதிகம் பேசாத, அரசியல் இயக்கம் எதற்கும் தலைமை தாங்காத ஒரு முன்கள வீரர் எவ்வாறு ஒரு மொழிச் சமூகத்தின் குரலாகக் கொள்ளப்பட்டார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேட, அவருடைய ஆட்டவாழ்வையே முதலில் பார்க்க வேண்டும்.

மொரீஸ் ரிஷார் 1921 ஆகஸ்ட் 4 அன்று மான்ட்ரியாலில் பிறந்தார். பெற்றோர் கிழக்கே காஸ்பே தீபகற்பத்திலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர்கள். தந்தை கனேடியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பட்டறைத் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான மொரீஸும் இயந்திரப் பட்டறைத் தொழிலுக்கே ஆயத்தமானார். அக்காலத்து மான்ட்ரியாலில் மக்களில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசினர். வங்கிகள், ரயில் நிறுவனங்கள், பெருவணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் மேல்மட்டமோ ஆங்கிலத்தில் இயங்கியது. பிரெஞ்சு மொழியினர் பட்டறையில் தம் மொழியில் பேசிக்கொள்ளலாம். மேற்பார்வையாளரிடம் பேசுவதற்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. இந்த அடுக்கமைவு பின்னர் எண்களாகவும் பதிவாயிற்று. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆய்ந்த இருமொழி, இருபண்பாட்டு ஆணையம், கியூபெக்கில் 14 இனக்குழுக்களை வருமான அடிப்படையில் வரிசைப்படுத்தியபோது, பெரும்பான்மையினரான பிரெஞ்சு வழியினர் 12ஆம் இடத்தில் இருந்தனர்.

ஹாக்கியும் இதற்கு விலக்கன்று. தேசிய ஹாக்கி லீக்கின் தலைமையகம் மான்ட்ரியாலிலேயே இருந்தது. அதன் ஆட்சிமொழி ஆங்கிலம். 1909இல் தொடங்கப்பட்ட மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி பிரெஞ்சு மொழியினரின் அணியாகவே உருவாக்கப்பட்டது. நகரின் ஆங்கில மொழியினருக்கென இருந்த மரூன்ஸ் அணி 1938இல் மறைந்த பின், இரு சமூகத்தாரும் ஒரே அணியைப் பின்பற்றும் நிலை ஏற்பட்டது. ரிஷார் அணியில் சேர்ந்தபோது பயிற்சியாளர் டிக் இர்வின் ஆங்கில மொழியினர்; உடன் ஆடிய முன்கள வீரர்கள் எல்மர் லாக், டோ பிளேக் ஆகிய இருவரும் பிற மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ரிஷாருக்கோ அப்போது ஆங்கிலம் ஏறத்தாழ தெரியாது.

அவருடைய பெயரின் ஒலிப்பிலேயே இப்பிளவைக் காணலாம். பிரெஞ்சில் அவர் ‘ரிஷார்’, ஆங்கிலத்தில் ‘ரிச்சர்ட்’. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. வானொலியில் ஒருவர் அப்பெயரை உச்சரித்த மாத்திரத்தில் அவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அவருக்கு வாய்த்த பட்டப்பெயரான ‘ராக்கெட்’ ஆங்கிலச் சொல். அணித்தோழர் ரே கெட்லிஃப் கூறியதைப் பத்திரிகையாளர் பரப்பினர். பிரெஞ்சு மொழியினர் அதை மொழிபெயர்க்க முயலாமல், தம் மொழியின் சுட்டிடைச் சொல்லை முன்னே சேர்த்து ‘ல ராக்கெட்’ என்று வழங்கினர். பிரெஞ்சுக் கனடாவின் மாபெரும் நாயகர் ஓர் ஆங்கிலப் பெயராலேயே போற்றப்பட்டார் என்பது முரணாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே அக்காலத்து மொழிநிலைமையின் துல்லியமான பதிவு.

1942-43 பருவத்தில் கனேடியன்ஸ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கிய ரிஷார், 16 ஆட்டங்களில் 5 கோல்கள் அடித்த நிலையில் கணுக்கால் எலும்பு முறிந்து வெளியேறினார். அதற்கு முன்பே அவர் கணுக்காலையும் மணிக்கட்டையும் முறித்துக்கொண்டவர். இராணுவத்தில் சேர முயன்றபோதும் இம்முறிவுகள் காரணமாக நிராகரிக்கப்பட்டார். எளிதில் எலும்பு முறியும் உடல் என்பதே அவரைப் பற்றிய முதல் மதிப்பீடு. அடுத்த பருவத்தில் மகள் 9 பவுண்டு எடையுடன் பிறந்ததை ஒட்டி, 15ஆம் எண் சட்டையை விடுத்து 9ஆம் எண்ணைக் கேட்டுப் பெற்றார். அப்பருவத்தில் 32 கோல்கள் அடித்தார். 1944 மார்ச் 23 அன்று டொரன்டோவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் கனேடியன்ஸ் 5-1 என வென்றபோது ஐந்து கோல்களும் அவருடையவை. ஆட்டத்தின் சிறந்த மூவரை அறிவிக்கும் மரபின்படி, மூன்று இடங்களுக்கும் அவர் பெயரே அறிவிக்கப்பட்டது.

1944-45 பருவம் அவரைச் சாதனையாளராக்கியது. டிசம்பர் 28 அன்று பகல் முழுதும் வீடு மாற்றும் வேலையில் மரச்சாமான்களைத் தூக்கிச் சுமந்தவர், அன்றிரவு டெட்ராய்ட்டுக்கு எதிராக 5 கோல்கள் அடித்து, மேலும் மூன்று கோல்களுக்கு உதவினார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில், மார்ச் 18 அன்று பாஸ்டனில், தம் 50ஆவது கோலை அடித்தார். 50 ஆட்டங்களில் 50 கோல்கள். அதுவரை ஒரு பருவத்தில் எவரும் ஜோ மலோனின் 44 கோல்களைத் தாண்டியதில்லை. ரிஷாரின் விகிதத்தை மற்றொருவர் எட்ட 1981வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் மான்ட்ரியாலில் பிறந்த மைக் போசி.

இச்சாதனையைக் குறைத்து மதிப்பிட்டவர்களும் உண்டு. சிறந்த வீரர்கள் பலர் போருக்குச் சென்றிருந்தனர்; எதிரணிகள் வலுவிழந்திருந்தன என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. அக்காலத்துக் கோல் எண்ணிக்கைகள் பொதுவாகவே உயர்ந்திருந்தன. ஆனால் வீரர்கள் போரிலிருந்து திரும்பிய பின் 1946-47இல் ரிஷார் 60 ஆட்டங்களில் 45 கோல்கள் அடித்து, லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையைப் பெற்றார். 1952 நவம்பர் 8 அன்று நெல்ஸ் ஸ்டூவர்ட்டின் 324 கோல்களைக் கடந்து, லீக் வரலாற்றில் அதிகக் கோல்கள் அடித்தவரானார். போர்க்காலச் சலுகையால் மட்டும் இது நிகழ்ந்திருக்க முடியாது.

அவருடைய ஆட்டமுறையையும் சற்று விளக்க வேண்டும். அவர் இடக்கைப் பழக்கத்தில் மட்டை பிடிப்பவர். ஆடியதோ வலப்புற முன்கள வீரராக. அன்று அது அரிதான அமைப்பு. வலப்புறத்திலிருந்து உள்நோக்கி வெட்டித் திரும்பும்போது மட்டையின் முகம் கோலை நோக்கி அகலத் திறந்திருக்கும். எதிரணித் தடுப்பாளரை ஒரு கையால் தள்ளிக்கொண்டே மறு கையால் பக் என்னும் ரப்பர் வட்டைக் காத்துக் கொண்டு செல்லலாம். ஒட்டுமொத்த ஆட்டத்திறனில் அவரினும் மேம்பட்டவர்கள் இருந்தனர். கார்டி ஹோவைப் பலரும் அவ்வாறு குறிப்பிடுவர். எதிரணியின் நீலக்கோட்டிலிருந்து கோல்வரையிலான அந்த இறுதித் தொலைவில் ரிஷாருக்கு நிகர் எவருமில்லை என்பதில் மட்டும் பெரிய கருத்துவேறுபாடு இல்லை.

1952 ஏப்ரல் 8 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் இவ்வாழ்வின் படிமமாக நிலைத்தது. இரண்டாம் பகுதியில் மோதலில் வீழ்ந்து நினைவிழந்த ரிஷார், தலையில் கட்டுடன் திரும்பி வந்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் வெற்றிக் கோலை அடித்தார். ஆட்டத்திற்குப் பின், முகத்தில் இரத்தம் வழிய நிற்கும் ரிஷாரின் கையைப் பற்றியவாறு பாஸ்டன் கோல்கீப்பர் ஜிம் ஹென்றி தலை தாழ்த்தி நிற்கும் ஒளிப்படம் மிகப் புகழ்பெற்றது. மூளை அதிர்ச்சிக்கு ஆளானவரை மீண்டும் களத்தில் இறக்கியது இன்றைய மருத்துவ நெறிகளின்படி குற்றமாகும். அன்று அது வீரமாகவே வாசிக்கப்பட்டது.

அதே 1952 அக்டோபரில் ரேடியோ-கனடா ஹாக்கி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பிரெஞ்சு வருணனையுடன் ஒளிபரப்பத் தொடங்கியது. வருணனையாளர் ரெனே லெகவாலியே, அதுவரை ஆங்கிலச் சொற்களால் நிறைந்திருந்த ஹாக்கிப் பேச்சுக்குப் பிரெஞ்சுக் கலைச்சொற்களை வழக்காக்கியவர். ‘பக்’ என்பதற்கு ‘ரோந்தெல்’ என்னும் சொல்லும் அவற்றுள் ஒன்று. சட்டமோ மொழி அலுவலகமோ வருவதற்கு முன்பே, சனிக்கிழமை இரவுகளில் ஒரு கலைச்சொல் சீரமைப்பு நிகழ்ந்துகொண்டிருந்தது. அச்சொற்களுக்குப் பொருளும் உயிரும் தந்தது ரிஷார் போன்றோரின் ஆட்டம். மொழித் திட்டமிடலைப் பயில்வோர் சட்டங்களிலிருந்து மட்டுமே அதன் வரலாற்றைத் தொடங்குவது போதாது என்பதற்கு இது நல்ல சான்று.

களத்தில் ரிஷாரின் மொழி வேறு. எதிரணியினர் அவரைத் தடுக்கக் கையாண்ட முறைகளில் மட்டையும் முழங்கையும் மட்டுமன்றி, பிரெஞ்சு மொழியினர்மீதான வசைச்சொற்களும் அடங்கும். அவர் கைகளால் பதிலளித்தார், அபராதங்கள் குவிந்தன. அவற்றை விதித்தவர் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல். சஸ்காட்செவனில் பிறந்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற வழக்கறிஞர், முன்னாள் நடுவர், போருக்குப் பின் கனடாவின் போர்க்குற்ற விசாரணைப் பிரிவில் பணியாற்றியவர். விதியும் ஒழுங்கும் அவருக்கு முதன்மை. ஒரு பிரெஞ்சு வார இதழில் பத்தி எழுதிவந்த ரிஷார், சக வீரர் பெர்னி ஜெஃப்ரியோனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கண்டித்து 1954 ஜனவரியில் கேம்ப்பெல்லைச் சர்வாதிகாரி என்று எழுதினார். விளைவு: மன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று; 1000 டாலர் பிணையாக வைக்க வேண்டியதாயிற்று; பத்தியும் நின்றது. தம் சொந்த மொழியில், தம் பெயரில் எழுதும் ஒரே இடத்தையும் அவர் இழந்தார். மறுஆண்டுக் கலவரத்தைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்வு போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை.

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் ஹால் லேகோவின் மட்டை ரிஷாரின் தலையைக் கிழித்தது. ஐந்து தையல்கள் தேவைப்பட்டன. ரிஷார் லேகோவை மட்டையால் மீண்டும் மீண்டும் தாக்கினார். தடுக்க வந்த கோட்டு நடுவர் கிளிஃப் தாம்ப்சனையும் முகத்தில் குத்தினார். சில மாதங்களுக்கு முன் டொரன்டோவிலும் ஒரு நடுவரிடம் கைநீட்டி அபராதம் கட்டியவர் அவர். எனவே தண்டனை வரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மார்ச் 16 அன்று விசாரணை முடிவில் கேம்ப்பெல் அறிவித்தது பருவத்தின் எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கும் பிளேஆஃப் முழுமைக்குமான தடை. அப்போது ரிஷார் லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். அவர் வாழ்நாளில் ஒருமுறையும் பெற்றிராத பட்டம் அது.

மறுநாள் வியாழன் இரவு டெட்ராய்ட்டுடன் ஆட்டம். கேம்ப்பெல் வழக்கம்போல் தம் இருக்கைக்கு வந்தார். பார்வையாளர்கள் அவர்மீது முட்டைகளையும் காய்கறிகளையும் வீசினர். முதல் பகுதி முடிவில் டெட்ராய்ட் 4-1 என முன்னிலையில் இருந்தபோது அரங்கினுள் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் டெட்ராய்ட்டுக்கு வெற்றியாக அறிவிக்கப்பட்டு, அரங்கு காலி செய்யப்பட்டது. வெளியேறியோரும் ஏற்கெனவே வெளியே திரண்டிருந்தோரும் ஒன்றுசேர, நள்ளிரவு கடந்தும் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின; கொள்ளையும் நடந்தது. சேதம் ஏறத்தாழ 100,000 டாலர் என மதிப்பிடப்பட்டது. மறுநாள் ரிஷார் வானொலியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசினார்: தண்டனையை ஏற்பதாகவும், அடுத்த ஆண்டு திரும்பி வந்து கோப்பையை வெல்ல உதவுவதாகவும் கூறி அமைதி காக்குமாறு வேண்டினார். தெரு அடங்கியது.

நான்கு நாட்களுக்குப் பின், மார்ச் 21 அன்று, ‘ல துவார்’ நாளிதழில் ஆந்த்ரே லோராந்தோ ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘என் சகோதரர் ரிஷாரைக் கொன்றுவிட்டார்கள்’ என்பது அதன் தலைப்பு. பிரெஞ்சு மூலத்தில் எழுவாயாக நிற்பது ‘ஓன்’ என்னும் பொதுப் பதிலிடுபெயர். செய்தவர் யார் என்று அது சொல்வதில்லை. ஆனால் கேட்பவர் அனைவருக்கும் தெரியும் என்ற பாவனையை அது தருகிறது. ‘சகோதரர்’ என்ற சொல்லும் தற்செயலானதன்று. மெத்தீ மக்களின் தலைவர் லூயி ரியேல் 1885இல் தூக்கிலிடப்பட்டபோது ஓனோரே மெர்சியே மான்ட்ரியாலில் ஆற்றிய உரை, ரியேலை அதே உறவுச்சொல்லால் சுட்டியது. இத்தலைப்பை வாசித்த படித்த பிரெஞ்சு வாசகருக்கு அந்நினைவு எழாதிருந்திருக்க முடியாது. ஒரு விளையாட்டுத் தண்டனை, தலைப்பின் ஒரே வாக்கியத்தில், எழுபதாண்டுப் பழைய தேசியக் காயத்தோடு இணைக்கப்பட்டது. கலவரத்திற்கு அரசியல் பொருள் தந்த முதற்செயல்களுள் ஒன்று, இவ்வகையில், ஒரு வாசிப்பு.

அவ்வாசிப்புக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அதே 1954-55இல்தான் மான்ட்ரியாலில் எழுந்துகொண்டிருந்த அரசு ரயில் நிறுவனத்தின் விடுதிக்கு ‘குயின் எலிசபெத்’ என்று பெயரிடப்படுவதை எதிர்த்து இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். பெயர் மாறவில்லை. மொழிக்குரிய மதிப்பு மறுக்கப்படுகிறது என்ற உணர்வு ஹாக்கிக்கு வெளியேயும் கனன்றுகொண்டிருந்தது.

ஆயினும் கலவரத்தை மொழிப்போராக மட்டும் கொள்வதற்குத் தடையான சான்றும் உண்டு. ரிஷார் தடைசெய்யப்பட்டிருந்த கடைசி ஆட்டங்களில் ஜெஃப்ரியோன் அவரை ஒரு புள்ளியால் முந்தி, 75-74 என்ற கணக்கில் பட்டத்தை வென்றார். சொந்த அரங்கிலேயே ரசிகர்கள் ஜெஃப்ரியோனைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அவரும் மான்ட்ரியாலில் பிறந்த பிரெஞ்சு மொழியினரே; எந்த வீரருக்காக ரிஷார் தம் பத்தியை இழந்தாரோ அவரே. கூட்டத்தின் பற்று மொழியின்மீது மட்டும் இருந்திருந்தால் இந்த இகழ்ச்சிக்கு இடமில்லை. அது ஒரு தனிமனிதர்மீதான பற்றாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுப்பது எளிதன்று.

அமைதிப் புரட்சியின் காரணங்களை வரிசைப்படுத்தும்போதும் இதே எச்சரிக்கை தேவை. கலைஞர்களின் ‘முழு மறுப்பு’ அறிக்கை 1948இல் வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1949இல் நிகழ்ந்தது. நகர்மயமாதலும் தொலைக்காட்சியும் முன்பே வந்துவிட்டன. மறுபுறம், கலவரத்திற்கு அடுத்த ஆண்டு நடந்த மாகாணத் தேர்தலில் பழமைவாதியான மொரீஸ் துப்லெஸியே மீண்டும் வென்றார். ரிஷாரும் துப்லெஸியை ஆதரித்தவரே. மாற்றம் வந்தது 1959இல் துப்லெஸி இறந்து, 1960 ஜூன் 22 தேர்தலில் ழான் லெசாஜின் லிபரல் கட்சி வென்ற பின். மின்நிறுவனங்களின் தேசியமயமாக்கம், 1964இல் கல்வி அமைச்சகம், 1977இல் பிரெஞ்சைப் பொதுவாழ்வின் மொழியாக்கிய 101ஆம் சட்டம் ஆகியவை தொடர்ந்தன. இவை நிகழ்ந்த பின்னரே 1955 ஒரு ‘தொடக்கம்’ ஆயிற்று. ரிஷாரைப் பற்றிய பிரதிகளை விரிவாக ஆராய்ந்த பெனுவா மெலான்சோனின் 2006ஆம் ஆண்டு நூல், தொன்மம் எவ்வாறு படிப்படியாகக் கட்டப்பட்டது என்பதை விளக்குகிறது. காரணம் முன்னே, விளைவு பின்னே என்பது நிகழ்வுகளின் ஒழுங்கு. நினைவின் ஒழுங்கில் விளைவே தன் காரணத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

ரிஷார் தாம் வானொலியில் தந்த வாக்கைக் காப்பாற்றினார். இருமொழியும் பேசிய டோ பிளேக் 1955இல் பயிற்சியாளரானார். 1956 முதல் 1960வரை கனேடியன்ஸ் அணி தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. அச்சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. கடைசி நான்கு கோப்பைகளின்போது அணித்தலைவர் ரிஷார். தம்பி ஆன்ரியும் உடன் ஆடினார். 1957 அக்டோபர் 19 அன்று லீக் வரலாற்றில் 500 கோல்களை எட்டிய முதல் வீரரானார். 1960 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தபோது 978 ஆட்டங்களில் 544 கோல்கள், எட்டு ஸ்டான்லி கோப்பைகள். மறுஆண்டே, காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டு, புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வு அவ்வளவு சீரானதன்று. கனேடியன்ஸ் நிர்வாகத்தில் பெயரளவிலான பதவியில் இருந்து மனக்கசப்புடன் விலகினார். 1972இல் கியூபெக் நோர்டிக்ஸ் அணியின் பயிற்சியாளராகி, இரண்டே ஆட்டங்களில் பொறுப்பைத் துறந்தார். தாம் ஒரு ஹாக்கி வீரர் மட்டுமே என்பதே, தம்மைக் குறியீடாக்க முயன்றோரிடம் அவர் மீண்டும் மீண்டும் கூறிய விடை.

குறியீடோ அவரைவிட்டுத் தனியே வளர்ந்தது. 1979இல் வெளியான ரோக் காரியேயின் சிறுகதையில், ஊர்ச் சிறுவர் அனைவரும் 9ஆம் எண் சட்டை அணிந்திருக்க, ஈட்டன் கடையிலிருந்து ஒரு சிறுவனுக்கு மட்டும் டொரன்டோ அணியின் சட்டை வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் தாய் பிரெஞ்சில் கடிதம் எழுதியிருந்தாள். ரிஷார் அக்கதையில் நேரில் தோன்றுவதில்லை. ஒரு சட்டை எண்ணாக மட்டுமே இருக்கிறார். அதே கதையின் வரிகள் பின்னர் கனடாவின் ஐந்து டாலர் தாளில் இரு மொழிகளிலும் அச்சாயின. பிரிவின் கதை, ஒற்றுமையின் சின்னமாக ஆக்கப்பட்டது.

2000 மே 27 அன்று ரிஷார் காலமானபோது 115,000க்கும் மேற்பட்டோர் அஞ்சலி செலுத்தினர். கியூபெக் அரசு விளையாட்டு வீரர் ஒருவருக்கு முதன்முறையாக அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. ஒவ்வொரு பருவத்திலும் அதிகக் கோல்கள் அடிப்பவருக்கு லீக் வழங்கும் கோப்பை 1999 முதல் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவரைத் தண்டித்த அதே லீக் அது.

ரிஷாரின் வாழ்வை ஆய்வு நோக்கில் பார்ப்போருக்கு இங்கே இரண்டு ஆவணத் தொகுதிகள் உள்ளன. ஒன்று ஆட்டப் பதிவேடு: நாள், எதிரணி, கோல், அபராதம். மற்றொன்று அவரைப் பற்றிப் பிறர் பேசியவை: தலையங்கம், வருணனை, கதை, இரங்கலுரை. முதலாவது தொகுதியில் மொழி என்பதே இல்லை. இரண்டாவதில் அவருடைய சொந்தக் குரல் ஏறத்தாழ இல்லை. அக்குரல் நேரடியாக ஒலித்த இடங்கள் மிகச் சில: 1954இல் நிறுத்தப்பட்ட ஒரு பத்தி, 1955இல் அமைதி வேண்டிய ஒரு வானொலி உரை. ஒன்று அதிகாரத்தை எதிர்த்தது. மற்றொன்று அதிகாரத்தின் முடிவை ஏற்கச் சொன்னது. பின்வந்தோர் தத்தமக்கு வேண்டிய ரிஷாரை இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டனர். கியூபெக்கின் மொழி வரலாற்றை எழுதுவோர் அவரைத் தொடக்கப்புள்ளியாக வைப்பதற்கு முன், இவ்விரண்டு குரல்களையும் ஒன்றாக வைத்துக் கேட்பது அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயமாகும்.